வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு விடுமுறை

கேரவனை இழுத்துக்கொண்டு கடல் தாண்டி பிரான்ஸின் பிரிட்டனி கரையில் இறங்கும் ஆங்கிலேயர்கள் முதலில் நன்றி சொல்ல வேண்டியது காலிஃபிளவருக்குத்தான். 1970-களின் தொடக்கத்தில் ராஸ்காஃப் வட்டாரத்து விவசாயிகளிடம் காலிஃபிளவரும் ஆர்ட்டிசோக்கும் ஏராளமாக விளைந்தன. வாங்கக்கூடியவர்கள் அக்கரையில் இருந்தார்கள். ஏற்றிப்போகக் கப்பல் நிறுவனம் எதுவும் வரவில்லை. விவசாயச் சங்கத் தலைவர் அலெக்சி கூர்வெனெக் சும்மா இருக்கும் ஆள் இல்லை. 1961-இல் விவசாயிகளைத் திரட்டிக்கொண்டு போய் மோர்லே ஊரின் அரசு அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்தவர். கப்பல் வராவிட்டால் என்ன, நாமே வாங்குவோம் என்றார். 1973 ஜனவரியில் 'கெரிஸ்னெல்' என்ற கப்பல் ராஸ்காஃபிலிருந்து பிளிமத்துக்குப் புறப்பட்டது. காய்கறியை இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பல் வெறுமனே வருவானேன்? ஆங்கிலேயர்கள் ஏறிக்கொண்டார்கள். அந்த நிறுவனம்தான் இன்றைய பிரிட்டனி ஃபெர்ரிஸ். காய்கறிக்காகத் தொடங்கிய கப்பலில் இப்போது கேரவன்கள் வரிசையாக நிற்கின்றன.

கேரவன் என்றதும் தமிழ் வாசகருக்கு நடிகரும் குளிர்சாதனமும் வாசலில் நிற்கும் உதவியாளரும் நினைவுக்கு வரக்கூடும். இது அது இல்லை. இஞ்சின் கிடையாது. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டிய வெள்ளைப் பெட்டி. உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. எல்லாமே மடித்தால் வேறொன்றாகிவிடும். சாப்பாட்டு மேசை இரவில் கட்டிலாகும். யார் எப்போது எங்கே உட்காரலாம் என்பதற்கு ஒரு கால அட்டவணை தானாகவே உருவாகிவிடும்.

ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் நடுப்பகுதிக்காரர்கள். கணவர் ஓய்வுபெற்ற கணக்கர். மனைவி ஓய்வுபெற்ற டீச்சர். இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் ஒவ்வொரு கோடையிலும் கிளம்புகிறார்கள் என்பதால் இந்த இருவரைத் தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏன் கேரவன் என்று கேட்டால் 'சுதந்திரம்' என்பார்கள். ஹோட்டல்காரனுக்குக் கட்டுப்பட வேண்டாம், நினைத்த இடத்தில் நிற்கலாம், பிடிக்காவிட்டால் கிளம்பிவிடலாம். இந்தச் சுதந்திரத்துக்கான ஏற்பாடுகள் ஜனவரியில் தொடங்குகின்றன.

முதலில் எடை. நிரப்பிய கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பிரிட்டிஷ் கேரவன் உலகத்தின் பொதுவான அறிவுரை. அதற்குமேல், கொக்கியின்மீது கேரவன் எவ்வளவு அழுத்துகிறது என்றும் தனியாக அளக்க வேண்டும். அழுத்தம் போதாமல் போனால் வேகத்தில் கேரவன் பாம்பாக நெளியத் தொடங்கும். ஆகவே கணக்கர் குளியலறை எடைக்கருவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். டீச்சர் எடுத்துவைத்த புத்தகங்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் திரும்புகின்றன. கணக்கரின் ஸ்பேனர் பெட்டி மட்டும் எந்த எடையிலும் சேர்வதில்லை.

அடுத்து பிரெஞ்சு சட்டம். எச்சரிக்கை முக்கோணமும் பளிச்சென்ற மேலங்கியும் 2008 முதல் காரில் இருந்தாக வேண்டும். மேலங்கி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், டிக்கியில் இருந்தால் செல்லாது. முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணைக் கூசாமலிருக்கக் கண்ணாடியில் ஒட்டுப்படம் ஒட்ட வேண்டும். 2012-இல் இன்னொரு விதியும் வந்தது: ஒவ்வொரு ஓட்டுநரும் தன் மூச்சில் மது இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும் ஊதுகுழாய் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்காவிட்டால் அபராதம் என்றார்கள். பிறகு அபராதத்தை ஒத்திவைத்தார்கள். ஒத்திவைத்ததை அப்படியே விட்டுவிட்டு 2020-இல் விதியையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கணக்கர் இன்றுவரை இரண்டு குழாய் வைத்திருக்கிறார். ஒன்றை ஊதிவிட்டால் மற்றது கையிருப்பில் இருக்க வேண்டும் அல்லவா?

வண்டியின் பின்னால் ஒட்டும் எழுத்தும் மாறிவிட்டது. பல தலைமுறைகளாக 'ஜிபி' என்று ஒட்டியவர்கள் 2021 செப்டம்பர் முதல் 'யுகே' என்று ஒட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய பிறகு பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பாலும் கொண்டுபோகவும் கூடாது. கேரவன் குளிர்பெட்டியின் நோக்கமே அடிபட்டுப்போன விதி இது. தேயிலைக்குத் தடையில்லை, பாலுக்குத் தடை. டீச்சர் அரசியல் பேசாதவர். கால் மணி நேரம் பேசினார்.

கரை இறங்கியதும் சாலையின் வலப்பக்கம். கார் பிரிட்டிஷ் கார், ஸ்டியரிங்கும் வலப்பக்கம். அதாவது கணக்கர் சாலையோரப் புல்லை நன்றாகப் பார்க்கிறார். எதிரே வரும் லாரியை டீச்சர் நன்றாகப் பார்க்கிறார். சுங்கச்சாவடி வந்தால் பணம் கட்டும் இயந்திரம் இடப்பக்கம், டீச்சரின் ஜன்னலோரம். கேரவன் அகலம் என்பதால் கார் இயந்திரத்தைவிட்டுச் சற்று விலகித்தான் நிற்கும். டீச்சர் இடுப்புவரை வெளியே வந்து அட்டையை நுழைக்கிறார். பின்னால் ஹாரன். இரண்டு மீட்டருக்கு மேல், மூன்று மீட்டருக்குள் உயரம் என்றால் பிரெஞ்சு சுங்கச்சாலையில் இரண்டாம் வகுப்புக் கட்டணம். தனியாகப் போகும் கார் முதல் வகுப்பு, அதற்குக் குறைவு. இரண்டாம் வகுப்பில் போவதற்கு அதிகப் பணம் கேட்கும் ஏற்பாடு கணக்கருக்கு இன்னும் செரிக்கவில்லை.

நல்லவேளையாக பிரிட்டனியில் சுங்கச்சாலையே இல்லை. அந்நாட்டு டச்சஸ் ஆன் பதினைந்தாம் நூற்றாண்டுத் திருமணத்தில் வாங்கிக்கொண்ட சலுகை அது என்று உள்ளூரில் சொல்வார்கள். உண்மையில் 1960-களின் இறுதியில் பின்தங்கிய மேற்குக்கு அரசு போட்டுக்கொடுத்த சாலைத் திட்டம்தான் காரணம். டச்சஸ் கதையே கேட்க நன்றாக இருக்கிறது.

சின்ன ஊர்களுக்குள் நுழைந்தால் வலப்பக்கத்துக்கு முன்னுரிமை என்ற பழைய விதி காத்திருக்கிறது. பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்புறச் சந்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். வருகிறவர் பெரும்பாலும் தொப்பி போட்ட பெரியவர். வண்டி அவரைவிட வயதானது. இடமும் வலமும் பார்க்காமல் வருவார், ஏனென்றால் சட்டம் அவர் பக்கம். ஒன்றரை டன் கேரவனைப் பின்னால் வைத்துக்கொண்டு சட்டென்று நிற்பது எப்படி என்பதைக் கணக்கர் இங்கேதான் கற்கிறார். கேரவனுக்குள் அலமாரிக் கதவுகள் அதே பாடத்தைத் தனியாகக் கற்கின்றன.

முகாமுக்கு வந்து சேர்ந்ததும் இந்தக் கலையின் உச்சம்: பின்னோக்கிச் செலுத்துதல். கேரவன் இடப்பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பியதும் அது அளவுக்கு மீறி இடப்பக்கம் போகும். உடனே எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். நம் ஊரில் தேரை நிலைக்குக் கொண்டுவரும்போது முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவர், யோசனை சொல்லிக் கத்துகிறவர் ஐம்பது பேர் இருப்பார்களே, அந்தக் காட்சி இங்கே நான்கு மொழிகளில் நடக்கிறது. டச்சுக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். ஜெர்மானியர் கையசைத்து வழிகாட்டுகிறார். டீச்சர் பின்னால் நிற்கிறார்.

"இன்னும் கொஞ்சம் இடது!"

"யாருடைய இடது?"

இந்த வினாவுக்குக் கேரவன் வரலாற்றில் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. இப்போது சக்கரத்தில் மோட்டார் பொருத்தி ரிமோட்டால் நகர்த்தும் வசதி வந்துவிட்டது. காரைக் கழற்றிவிட்டு, பொத்தானை அழுத்தினால் கேரவன் தானே ஊர்ந்து தன் இடத்தில் நிற்கும். பார்வையாளர்களுக்குத்தான் ஏமாற்றம்.

பிரிட்டனியின் தென்கரையில் கர்னாக் என்ற ஊர். அங்கே மூவாயிரம் நெடுங்கற்கள் வரிசைவரிசையாக, கிலோமீட்டர் கணக்கில் நிற்கின்றன. புதிய கற்காலத்து மக்கள் நட்டவை. சுமார் ஆறாயிரம் ஆண்டுப் பழமை. புனிதர் கோர்னேலியை விரட்டிவந்த ரோமானியப் படை அவர் திரும்பிப் பார்த்ததும் கல்லாகிவிட்டது என்பது ஊர்க்கதை. எதற்காக நட்டார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கணக்கரை உறுத்தியது வேறு. சக்கரமும் ரிமோட்டும் இல்லாதவர்கள் டன் கணக்கான கல்லை இவ்வளவு நேராக எப்படி நிறுத்தினார்கள்? டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கேரவன் வேலியில் உரசியது முந்தின நாள்தான்.

நிறுத்திய பிறகு மின்சாரம். பிரெஞ்சு முகாமில் மின்சாரம் ஆம்பியர் கணக்கில் விற்கப்படும். மலிவான இடத்தில் ஆறு ஆம்பியர். 230 வோல்ட் என்று வைத்தால் மொத்தம் 1,380 வாட். இங்கிலாந்தில் வீட்டுச் சமையலறைக் கெட்டில் ஒன்றே 3,000 வாட் கேட்கும். ஆக, டீச்சர் பழக்கதோஷத்தில் வீட்டுக் கெட்டிலைக் கொண்டுவந்து சொருகினால், தண்ணீர் சூடாவதற்குள் எல்லாமே இருண்டுவிடும். விழுந்த விசை இருப்பதோ நாலு கேரவன்களுக்குப் பொதுவான பெட்டிக்குள். பெட்டிக்குப் பூட்டு. சாவி முகாம் காவலரிடம். காவலர் மதியச் சாப்பாட்டில்.

இதனால் கேரவன்காரர்கள் வீட்டில் ஒருநாளும் போடாத கணக்கெல்லாம் போடுகிறார்கள். குளிர்பெட்டிக்கு இவ்வளவு, வெந்நீர்க் கொதிகலனுக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. தலைமுடி உலர்த்தியைப் போடும்போது கொதிகலனை நிறுத்து. கொதிகலன் ஓடும்போது டோஸ்டரைத் தொடாதே. குறைந்த வாட் கெட்டில் என்றே தனியாக விற்கிறார்கள். அதில் தண்ணீர் கொதிப்பதற்குள் தேநீர் ஆசையே ஆறிவிடும். இத்தோடு முடியவில்லை. சில பழைய முகாம்களின் இணைப்பில் மின்கம்பிகள் இடம் மாறியிருக்கும். பிரிட்டிஷ் சாதனங்களின் விசை ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும் என்பதால், கம்பி மாறினால் அணைத்த சாதனத்திலும் மின்சாரம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கணக்கரிடம் ஒரு சோதனைக் கருவியும், கண்டுபிடித்ததைச் சரிசெய்ய கம்பி மாற்றிய இன்னொரு இணைப்பும் இருக்கின்றன. அவர் முழங்காலிட்டு மின்பெட்டிக்குள் எட்டிப்பார்க்கும் அழகைப் பார்த்தால், ஓய்வு பெற்றதே இந்த வேலைக்காகத்தான் என்று தோன்றும்.

தண்ணீர் 40 லிட்டர் பிடிக்கும் உருளைப் பீப்பாயில் தரையில் உருண்டு வரும். போகிற தண்ணீர் வேறொரு பீப்பாயில் உருண்டு போகும். இதைவிட நுட்பமானது கழிப்பறைப் பெட்டி. கேரவனின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து இழுத்தால் வரும். நிறைந்திருந்தால் கனக்கும். இதைக் காலியாக்க முகாமின் மூலையில் ஓர் இடம் உண்டு; பெரும்பாலும் நம் இடத்துக்கு நேர் எதிர்மூலை. காலை எட்டு மணிக்கு ஆண்கள் பெட்டியோடு வரிசையாகப் போவார்கள். பிரான்ஸில் ஒருவரைப் பார்த்து 'போன்ஜூர்' சொல்லாமல் கடந்துபோவது மரியாதைக்குறைவு. கையில் என்ன இருக்கிறது என்பது பொருட்டில்லை. ஓய்வுபெற்ற நீதிபதியாக இருக்கலாம், பல் மருத்துவராக இருக்கலாம். இடக்கையில் பெட்டி, முகத்தில் புன்னகை, போன்ஜூர். டாய்லெட் தாளை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும் என்பது பழைய ஆட்கள் புதியவர்களுக்குக் கொடுக்கும் முதல் அறிவுரை. அதனால் மற்ற நேரத்தில் கையில் சுருளோடு போன்ஜூர்.

நடக்கும் வேலைகளை எண்ணிப்பார்த்தால் உண்மை புரிந்துவிடும். சுற்றுலா வந்திருப்பது கேரவன். அதற்குத் தண்ணீர் காட்டி, சாய்வு பார்த்து, நான்கு மூலைக்கும் முட்டுக் கொடுத்து, மின்சாரம் ஊட்டி, கழிவை எடுத்துச் சுத்தம் செய்ய இரண்டு பேர் கூட வந்திருக்கிறார்கள்.

இது இன்று தொடங்கிய கதை இல்லை. 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கடற்படையில் மருத்துவராக இருந்தவர், சும்மா ஊர் சுற்றுவதற்கென்றே ஒரு கேரவனைப் பிரிஸ்டலில் கட்டவைத்தார். பெயர் 'வாண்டரர்'. இரண்டு டன் எடை, இழுக்க இரண்டு குதிரை. வண்டி வருகிறது, ஒதுங்குங்கள் என்று எச்சரிக்க அவருடைய பணியாள் மூன்றுசக்கர சைக்கிளில் முன்னால் மிதித்துக்கொண்டு போவார். அந்தப் பணியாளின் விடுமுறை எப்படி இருந்தது என்பதைப் பற்றி ஸ்டேபிள்ஸ் புத்தகம் எழுதவில்லை. தன் விடுமுறையைப் பற்றி எழுதினார். பிரிட்டனில் கேரவன் கிளப் 1907-இல் தொடங்கியது. பணியாள் காலப்போக்கில் மறைந்தார். அவர் வேலை கணவனிடம் வந்து சேர்ந்தது.

கடற்கரை வழியே தெற்கே போனால் சான் மார்க் சூர் மேர். ழாக் தாத்தி 1953-இல் வெளியிட்ட 'மிஸ்டர் ஹூலோவின் விடுமுறை' இங்கே எடுக்கப்பட்டது. நிம்மதியாகப் பொழுதுபோக்க வந்தவர்களின் நிம்மதியை, யாருக்கும் தீங்கு நினைக்காத ஒரு நெட்டை மனிதர் கெடுத்துக்கொண்டே இருக்கும் படம். கடற்கரையைப் பார்த்தபடி குனிந்து நிற்கும் ஹூலோவின் வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது. ஆனால் கேரவன்காரர்கள் பார்க்க வேண்டியது தாத்தியின் 1971 படமான 'டிராஃபிக்'. அதில் ஹூலோ ஒரு சின்ன ரெனோ வண்டியை முகாம் வண்டியாக வடிவமைத்திருப்பார். முகப்புக் கம்பிச்சட்டத்தைக் கழற்றினால் இறைச்சி சுடும் அடுப்பு. வண்டியைப் பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் பழுது, விபத்து, சுங்க அதிகாரிகள். போய்ச் சேரும்போது கண்காட்சி முடிந்துவிட்டது. மதிய உணவுக்கு எட்டிவிடலாம் என்று கிளம்பி மாலை ஆறுக்குப் போய்ச் சேருகிற எவருக்கும் இது நகைச்சுவைப் படமாகத் தெரியாது.

இன்னும் தெற்கே நுவார்மூதியே தீவு. கரையிலிருந்து அதற்கு இரண்டு வழி. 1971-இல் கட்டிய பாலம் ஒன்று. இன்னொன்று குவா என்ற கடல்வழிச் சாலை, நாலு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நாளில் இருமுறை முழுவதும் கடலுக்கடியில் போய்விடும். கடல் வற்றும் நேரத்துக்கு முன்பும் பின்பும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் கடக்கலாம். நேரத்தைத் தவறவிட்டவர்கள் ஏறிக்கொள்வதற்காக வழியில் உயரமான கம்பங்களும் மேலே கூண்டும் வைத்திருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்து, தன் கார் மூழ்குவதை நல்ல கோணத்தில் பார்க்கலாம். 1999 டூர் டி பிரான்ஸ் பந்தயம் இந்தப் பாசிச்சாலை வழியே போனபோது சைக்கிள் வீரர்கள் கொத்தாகச் சறுக்கி விழுந்தார்கள். அலெக்ஸ் சூலே அன்று ஆறு நிமிடத்துக்கு மேல் இழந்தார். கணக்கர் அலை அட்டவணையை மும்முறை படித்தார். பிறகு பாலத்தில் போனார்.

அதற்கும் தெற்கே கடலோரத்தில் நிற்கும் பிலா மணல்குன்று ஐரோப்பாவிலேயே உயரமானது, நூறு மீட்டருக்கு மேல். ஆண்டுக்குச் சில மீட்டர் வீதம் உள்நாட்டை நோக்கி நகர்ந்து, அடியிலிருக்கும் பைன் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறது. இழுக்கக் கார் தேவைப்படாத அந்தக் குன்றைக் கேரவன்காரர்கள் பொறாமையோடு பார்க்கிறார்கள். 2006-இல் வந்து பிரான்ஸையே சிரிக்கவைத்த 'கேம்ப்பிங்' என்ற படம் இதன் அடியிலுள்ள முகாமில் எடுக்கப்பட்டது. சின்னஞ்சிறு நீச்சலுடையில் முகாம் முழுக்க வளையவரும் கதாநாயகனாக ஃபிராங்க் துபோஸ்க். 2022 ஜூலைக் காட்டுத்தீயில் குன்றின் அடியிலிருந்த ஐந்து முகாம்கள் எரிந்தன. ஆறாயிரம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

அந்த நீச்சலுடை திரைப்பட மிகை இல்லை. பிரெஞ்சு நீச்சல் குளங்களில் ஆண்கள் தொளதொளவென்ற அரைக்கால் சட்டையோடு இறங்கக் கூடாது. உடம்போடு ஒட்டிய சிற்றுடைதான் அனுமதி. தெருவில் போட்டுத்திரிந்த சட்டையோடு அழுக்கும் குளத்துக்குள் வரும் என்பது காரணம். ஆகவே முழங்கால்வரை மறைத்துப் பழகிய ஆங்கிலேயக் கனவான் முகாம் வரவேற்பறையில் கைக்குட்டை அளவு துணி ஒன்றை விலைகொடுத்து வாங்குகிறார். உடைமாற்றும் அறையிலிருந்து குளம்வரை முப்பது அடி நடை. டீச்சர் அன்று மாலைவரை சிரித்தார்.

கடற்கரையைவிட்டு உள்நாட்டுக்குள் திரும்பினால் பிரான்ஸ் வேறு முகம் காட்டுகிறது. இரண்டாம்நிலைச் சாலைகளில் 80 கி.மீ. வேகம், சூரியகாந்தி வயல், ஊர் நடுவே தேவாலயம். பன்னிரண்டு மணி அடித்ததும் கடை, தபால் நிலையம், மருந்துக்கடை எல்லாம் மூடிவிடும். இரண்டு மணிவரை அசைவில்லை. பத்து நிமிடம் தாமதித்துப் பால் வாங்கப் போனால் கதவுக்குப் பின்னால் தட்டும் கரண்டியும் மோதும் ஓசை கேட்கும். ரொட்டிக்கடைக்காரருக்கும் வாரவிடுமுறை உண்டு, பெரும்பாலும் நாம் போகிற அன்று. 1993-இல் வந்த அரசாணைப்படி 'பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி' என்ற பெயரில் விற்பதை உறையவைக்கக் கூடாது, செயற்கைப் பொருள் சேர்க்கக் கூடாது. அதனால் காலையில் கல்லாக இல்லாதது மறுநாள் காலையில் கல்லாகிவிடும். 2022-இல் யுனெஸ்கோ பாகெட் செய்யும் கலையை மனிதகுலத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது. கேரவனுக்குள் அந்த மரபுச்செல்வத்தை வைக்கப் பொருத்தமான நீளத்தில் அலமாரி இல்லை.

பிரான்ஸில் 7,000-க்கும் மேற்பட்ட முகாம்கள் உண்டு. ஐந்து நட்சத்திர முகாமில் நீர்ச்சறுக்கு, மேடைப்பாட்டு, இரவு பன்னிரண்டு வரை ஒலிபெருக்கி. விவரம் தெரிந்தவர்கள் தேடுவது ஊராட்சி நடத்தும் முகாமை. ஆற்றங்கரை, நிழல், பக்கத்தில் கால்பந்துத் திடல், குறைந்த வாடகை. போய்ச் சேரும்போது அலுவலகத்தில் ஆள் இருக்காது. 'இடம் பார்த்து நில்லுங்கள், வந்து பார்க்கிறோம்' என்று ஒரு தாள் தொங்கும். மாலையில் ஒருவர் தகரப் பணப்பெட்டியோடு ஒவ்வொரு கேரவனாக வந்து, பெயரெழுதி, காசு வாங்கி, நாளைக்கு எத்தனை ரொட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போவார். இந்த எழுத்தாளரைக் கேட்டால், பிரெஞ்சு அரசாட்சியின் மிகச் சிறந்த அதிகாரி அவர்தான் என்பார்.

தோர்தோன் பகுதியில் ஆங்கிலேயர்கள் வீடே வாங்கிக் குடியேறிவிட்டார்கள். அங்குள்ள லாஸ்கோ குகையை 1940-இல் சில இளைஞர்கள் கண்டுபிடித்தார்கள். ஓவியங்களைப் பார்க்க நாளுக்கு ஆயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். அத்தனை பேர் விட்ட மூச்சில் சுவர் ஈரமாகி ஓவியம் கெடத் தொடங்கியதும் 1963-இல் குகையை மூடினார்கள். இப்போது பார்க்கக் கிடைப்பது நகல் குகை. கேரவனில் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டே பேர் ஒரே இரவில் விடும் மூச்சு காலையில் ஜன்னல் வழியே ஓடையாக இறங்குவதை அவர்கள் தினமும் துடைக்கிறார்கள்.

நெரிசலைப் பற்றிச் சொல்லாமல் பிரெஞ்சு விடுமுறையைச் சொல்ல முடியாது. 1936-இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்புக் கொடுத்தது. அது படிப்படியாக வளர்ந்து 1982-இல் ஐந்து வாரமாயிற்று. எல்லோரும் அதை ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் எடுத்தார்கள். 1975 கோடையில் ஒரே நாளில் நாட்டுச் சாலைகளில் மொத்தம் 600 கி.மீ. நீளத்துக்கு நெரிசல். மறு ஆண்டே அரசு 'பிசோன் ஃபூத்தே' என்ற புத்திசாலிக் காட்டெருமைச் சின்னத்தை உருவாக்கி, எந்த நாளில் போகலாம் என்று பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு நிறங்களில் அறிவிக்கத் தொடங்கியது. கறுப்புச் சனிக்கிழமை என்றால் வீட்டிலேயே இருங்கள் என்று பொருள். அறிவிப்பைப் படித்துவிட்டு எல்லோரும் கிளம்புகிறார்கள்.

நெரிசலைத் தோற்கடித்தவர்கள் இரண்டே பேர். அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாசாரும் அவர் மனைவி கேரல் டன்லப்பும் 1982-இல் தங்கள் ஃபோக்ஸ்வாகன் வேனில் பாரிஸிலிருந்து மார்செய் போனார்கள். சாதாரணமாக ஒரு நாள் ஓட்டம். அவர்கள் நெடுஞ்சாலையைவிட்டு ஒருமுறையும் வெளியேறாமல், நாளுக்கு இரண்டு ஓய்விடம் வீதம் எல்லா ஓய்விடத்திலும் நின்று, 33 நாளில் போய்ச் சேர்ந்தார்கள். பெட்ரோல் பங்க் பின்னாலுள்ள மரத்தடியில் நாற்காலி போட்டுத் தட்டச்சு செய்தார்கள். அவசரமே இல்லாதவனை எந்த நெரிசலும் ஒன்றும் செய்ய முடியாது.

செவென் மலைப்பகுதிக்கு வந்தால் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தடம். 1878-இல் லு மொனாஸ்தியே ஊரில் 65 பிராங்கும் ஒரு கிளாஸ் பிராந்தியும் கொடுத்து மொடெஸ்தின் என்ற கழுதையை வாங்கினார். அதன்மேல் தானே வடிவமைத்த படுக்கைப் பையை ஏற்றினார். கழுதை நகரவில்லை. சுமை ஒரு பக்கமாகச் சரிந்தது. கட்டி மறுபக்கம் சமன்செய்தால் மறுபக்கம் சரிந்தது. ஊர்க்காரர்கள் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். பன்னிரண்டு நாளில் சான் ஜான் து கார் சேர்ந்து, கழுதையைச் சேணத்தோடு 35 பிராங்குக்கு விற்றார். ஸ்டீவன்சன் எழுதிய பயணப் புத்தகத்திலிருந்து டீச்சர் இந்தப் பகுதியைச் சத்தமாகப் படித்துக்காட்டினார். கணக்கர் கேட்டது ஒரே கேள்விதான்: ஒரு பயணத்தில் கிட்டத்தட்ட பாதி விலை போய்விட்டதா? பழைய கேரவனை விற்றபோதும் அவருக்கு அதே விகிதம்தான் கிடைத்திருந்தது.

அங்கிருந்து மேற்கே மியோ. ஒரு காலத்தில் தெற்கே கடலுக்குப் போகும் கேரவன்கள் எல்லாம் தார்ன் பள்ளத்தாக்கில் இறங்கி, இந்தச் சிற்றூரின் தெருவில் மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டு நிற்கும். அதைத் தீர்க்கப் பள்ளத்தாக்குக்கு மேலேயே ஒரு பாலம் போட்டார்கள். பொறியாளர் மிஷேல் விர்லோஜோ, கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர்; பின்னவர் ஆங்கிலேயர் என்பதில் ஒரு பொருத்தம் உண்டு. 2,460 மீட்டர் நீளம், 343 மீட்டர் உயரம், ஈஃபிள் கோபுரத்தைவிட உயரம். 2004 டிசம்பரில் திறந்தார்கள். ஊருக்குள் நெரிசல் ஒழிந்தது. அதோடு வியாபாரமும் ஒழியும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். நடந்தது வேறு: பாலத்தைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் நெடுஞ்சாலையைவிட்டு ஊருக்குள் இறங்கிவரத் தொடங்கினார்கள்.

கணக்கரும் இறங்கினார். ஆற்றங்கரை முகாமில் ஒரே முயற்சியில் கேரவனை நிறுத்தினார். அன்றைக்குப் பார்த்து டச்சுக்காரர் யாரும் இல்லை. முட்டுக் கொடுத்து, பீப்பாய் உருட்டி, ஆம்பியர் கேட்டு எழுதிக்கொண்டு, மடக்கு நாற்காலி இரண்டை எடுத்துப் போட்டார். தலைக்கு மேலே உயரத்தில் கார்களும் கேரவன்களும் புள்ளிபுள்ளியாகக் கடந்துகொண்டிருந்தன.

"நாளைக்கு மேலே போய்ப் பார்க்கலாமா?" என்றார் டீச்சர்.

கணக்கர் குறிப்பேட்டைப் புரட்டினார். பாலத்துக்குச் சுங்கம் உண்டு, கோடையில் கூடுதல், கேரவன் இருந்தால் இரண்டாம் வகுப்பு.

"இங்கேயிருந்தே நன்றாகத் தெரிகிறது" என்றார்.